கோழித் தீவனத்தில் கிருமி: குஞ்சுகளைப் பண்ணையில் இறக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

எங்கள் பண்ணை நாமக்கல் பக்கம். 12,000 லேயர் (முட்டைக் கோழி), தீவனத்துக்குச் சொந்த அரவை. இரண்டு வருடங்களுக்கு முன் 3,000 குஞ்சு இறக்கினோம். நான்காம் நாள் காலையில் புரூடருக்குள் (குஞ்சுகளைச் சூட்டில் வைக்கும் இடம்) போனால், குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண் மூடி நிற்கின்றன. பின்பக்கத்து ரோமத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. அன்றைக்கு 11 செத்தன, மறுநாள் 19. மூன்று வாரத்தில் 412 போயின. மூன்று முறை மருந்து கொடுத்தேன். கொடுக்கும்போது குறையும், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கும். தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், எலியைச் சந்தேகப்பட்டேன், குஞ்சு கொடுத்தவரோடு வாய்த்தகராறும் ஆனது.

சால்மோனெல்லா என்ற கிருமி வந்தது கருவாட்டுத் தூளில். அதைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம். பிறகு தீவனத்தை ஆவியில் வேகவைத்து பெல்லட்டாக (அழுத்திய சின்னத் துண்டுகளாக) ஓட்டிப் பார்த்தோம். அதிலும் கிருமி வந்தது. அதற்கான காரணம் புரிய இன்னும் மூன்று மாதம். இந்த எட்டு மாதம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். சொந்தமாகத் தீவனம் அரைக்கும், அல்லது அரைக்கப் போகும் சின்ன, நடுத்தரப் பண்ணைக்காரர்களை மனதில் வைத்து எழுதியது.

1. முதலில் நோய் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

குஞ்சு சாகிறது, கழிச்சல் போகிறது என்றதும் தீவனத்தின் மேல் பழி போடாதீர்கள். சால்மோனெல்லா என்பது ஒரே கிருமி இல்லை, பெரிய குடும்பம். அதில் புல்லோரம், கேலினாரம் என்ற இரண்டும் கோழிக்கே உரியவை. இவை பெரும்பாலும் தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரும், அல்லது நோய்க்கோழியிலிருந்து பரவும். ஆய்வில் இவை வந்தால் நீங்கள் பேச வேண்டியது குஞ்சு கொடுத்தவரிடம். தீவனம் வழியாக வருபவை பெரும்பாலும் இந்தக் குடும்பத்தின் மற்ற வகைகள். என்டெரிடிடிஸ், டைஃபிமுரியம் போன்றவை மனிதனுக்கும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொடுப்பவை. அதிலும் என்டெரிடிடிஸ் கோழியின் முட்டைப்பைக்குள் போய் உட்கார்ந்தால், ஓடு உடையாத நல்ல முட்டைக்குள்ளேயே கிருமி வந்துவிடும். நம் முட்டை சத்துணவுக்கூடத்துப் பிள்ளைகள் தட்டுக்கும் போகிறது என்பதை நான் மறப்பதில்லை.

ஈ.கோலை தீவனத்தில் இருக்கலாம், ஆனால் தண்ணீரையும் கொட்டகைத் தூசியையும் முதலில் பாருங்கள். ஆய்வில் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா வந்தால் மீன் தூள், இறைச்சி எலும்புத் தூள் மேல் கண் வையுங்கள். அது வித்தாக உறங்கிக் கிடக்கும், பெல்லட் சூட்டுக்குச் சாகாது.

ஆகவே முதல் வேலை: அன்று காலையில் செத்த, இன்னும் ஊதாத குஞ்சு 4, நோய் கண்ட உயிருள்ள குஞ்சு 2 எடுத்துக்கொண்டு பிரேதப் பரிசோதனைக்குப் போங்கள். மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் போக வேண்டும். நான் மருந்து கொடுத்த மூன்றாம் நாள் போனேன், கிருமி வளரவில்லை என்று காகிதம் வந்தது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் இரண்டு மாதம் வேறு எங்கெங்கோ தேடினேன்.

அப்புறம் மருந்து பற்றி ஒன்று. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தீவனத்திலோ தண்ணீரிலோ போடச் சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தயாரிக்கவும் விற்கவும் 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டுவிட்டது.

2. எந்தப் பொருளில் வருகிறது என்று பாருங்கள்

மக்காச்சோளம், கம்பு, அரிசிக் குருணை இவற்றில் கிருமி வருவது பெரும்பாலும் எலி, புறா எச்சத்தால். கடலோரத்திலிருந்து வரும் கருவாடு, மீன் தூள், இறைச்சி எலும்புத் தூள் மூன்றும்தான் பழைய குற்றவாளிகள். வெயிலில் மணலில் காய்ந்த கருவாட்டில் காக்கை, நாய், ஈ எல்லாம் கை வைத்திருக்கும். சோயா புண்ணாக்கை யாரும் சந்தேகப்படுவதில்லை. எண்ணெய் எடுக்கும்போது அது நன்றாகச் சூடாகிறது, உண்மைதான். ஆனால் சூடு ஆறிய பிறகு ஆலையின் கிடங்கிலும் லாரியிலும் கிருமி மறுபடி ஏறலாம். சூடாக்கிய பொருள் சுத்தமான பொருள் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று 6-ஆம் படியில் சொல்கிறேன்.

பொருள் வாங்கும்போது கேட்க வேண்டிய காகிதங்கள்:

பில்லில் லாட் எண் (சரக்கு எந்தத் தொகுதி என்று காட்டும் எண்) இருக்க வேண்டும். "லாட் எல்லாம் போடறதில்லைங்க" என்றால், லாரி எண்ணையும் ஏற்றிய தேதியையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மீன் தூளுக்கும் சோயாவுக்கும் பகுப்பாய்வுச் சான்று கேளுங்கள். பெரும்பாலான சான்றில் புரதம், ஈரம், மணல் மட்டும் இருக்கும். சால்மோனெல்லா பற்றி ஒரு வரி இருக்கிறதா, அந்தச் சான்றின் தேதியும் லாட்டும் உங்களுக்கு வந்த சரக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எனக்கு வந்த சான்று ஒன்று பதினொரு மாதப் பழசு, அதே நகலை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லாரி வாசலில் நிற்கும்போதே, டிரைவர் கண்ணெதிரே மாதிரி எடுத்து இரண்டு கவரில் போட்டு, இரண்டிலும் டிரைவர் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று ஆய்வுக்கு, ஒன்று உங்கள் அலமாரிக்கு. மூன்று மாதம் வைத்திருங்கள். இது இல்லாமல் வியாபாரியிடம் போனால், "உங்க கொட்டாய்ல ஏறின கிருமியா இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். என்னிடம் அப்படித்தான் சொன்னார், நான் பதில் இல்லாமல் திரும்பினேன்.

ஈரத்தை வாசலிலேயே அளந்துவிடுங்கள். கோழித் தீவனத்துக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1374 அதிகபட்ச ஈரம் 11 சதவீதம் என்கிறது. காய்ந்த தீவனத்தில் சால்மோனெல்லா பெருகாது. ஆனால் சாகவும் செய்யாது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஓர் இடத்தில் ஈரம் பட்டால் அங்கே எழுந்துவிடும்.

3. மாதிரி எடுப்பதில்தான் பாதி பேர் தோற்கிறார்கள்

கிருமி தீவனம் முழுக்க உப்பு போலக் கலந்திருக்காது. ஒரு மூட்டையில் ஒரு கைப்பிடியில் இருக்கும், பக்கத்து மூட்டையில் இருக்காது. ஆய்வுக்கூடம் சோதிப்பது 25 கிராம். ஒரு டன்னில் மேலாக ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டு "இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கக் கூடாது. என் முதல் மாதிரி அப்படித்தான் போனது.

செய்ய வேண்டியது: குறைந்தது 10 மூட்டையில் குத்தூசி (மூட்டைக்குள் குத்தி மாதிரி எடுக்கும் குழாய்) போட்டு, ஒவ்வொன்றின் மேல், நடு, அடி என்று எடுங்கள். குத்தூசியை முதலில் ஸ்பிரிட்டில் துடைத்து, நெருப்பில் காட்டி ஆறவிட வேண்டும். கையுறை புதிது. எல்லாவற்றையும் புது பிளாஸ்டிக் ஷீட்டில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலந்து பிரியுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படிச் செய்து, புது ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். சாப்பாட்டுப் பொட்டலக் கவர், மருந்து வந்த கவர் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, எனக்கு யாரும் சொல்லித் தராதது. தீவனத்தை விடத் தூசி அதிகம் பேசும். எலிவேட்டர் (தீவனத்தை மேலே ஏற்றும் இயந்திரம்) அடிப்பெட்டி, மிக்ஸர் மூடியின் உள்பக்கம், கூலரின் (பெல்லட்டை ஆறவைக்கும் பெட்டி) கூரை, தீவனம் சேமிக்கும் தொட்டியின் சுவர் இவற்றில் படிந்த தூளைச் சுரண்டி, இடத்துக்கு ஒரு கவராக எடுங்கள். பல வாரமாக அந்த வழியே போன எல்லாத் தீவனத்தின் மிச்சமும் அங்கே இருக்கிறது. தீவனத்தில் மூன்று முறை "இல்லை" என்று வந்த எனக்கு, எலிவேட்டர் அடிப்பெட்டித் தூளில் முதல் தடவையிலேயே "உண்டு" என்று வந்தது.

4. ஆய்வுக்கூடம்: என்ன கொண்டுபோக வேண்டும், எத்தனை நாள், எவ்வளவு

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வுக்கூடம் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. புரதம், பூஞ்சை நச்சு பார்ப்பது ஒரு பிரிவு, கிருமி வளர்த்துப் பார்ப்பது வேறு பிரிவு என்று இருக்கும். அதனால் எங்கே கொடுப்பது, எந்தக் கிழமை வாங்குவார்கள் என்று முதலில் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தனியார் கூடம் என்றால் என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அங்கீகாரப் பட்டியலில் "தீவனத்தில் சால்மோனெல்லா" இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வைத்திருப்பவர்களும் உண்டு.

கூடவே ஒரு கடிதம் எழுதுங்கள். பண்ணை முகவரி, குஞ்சின் வயது, எண்ணிக்கை, தினசரிச் சாவு, தீவனம் அரைத்த தேதி, சேர்த்த பொருட்களின் பட்டியல், கொடுத்த மருந்து, மாதிரி எடுத்த நாளும் நேரமும். தீவனத்தில் கிருமியை அடக்கும் அமிலம் (7-ஆம் படியில் சொல்வது) சேர்த்திருந்தால் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அமிலம் ஆய்வுக் குடுவைக்குள்ளும் கிருமியை அடக்கி வைத்து, இருக்கும் கிருமியை இல்லை என்று காட்டிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் அதைச் சமன் செய்து சோதிப்பார்கள்.

கேட்க வேண்டிய சோதனை இரண்டு. ஒன்று, 25 கிராமில் சால்மோனெல்லா உண்டா இல்லையா. இரண்டு, என்டெரோபாக்டீரியேசி (சால்மோனெல்லாவும் ஈ.கோலையும் சேர்ந்த குடல் பாக்டீரியாக் கூட்டம்) எண்ணிக்கை. இரண்டாவது மலிவு, இரண்டு நாளில் வரும், ஆலையின் சுத்தம் எப்படி இருக்கிறது என்று காட்டிவிடும். சூடாக்கிய தீவனத்தில் இந்த எண்ணிக்கை ஏறினால், சூடு போதவில்லை அல்லது பின்னால் எங்கோ அழுக்குச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சால்மோனெல்லா முடிவுக்கு அவசரப்பட முடியாது. முதல் நாள் சாதாரணக் குழம்பில் கிருமியைத் தேற்றுவார்கள், அடுத்து அதை மட்டும் வளர்க்கும் குழம்பு, அடுத்து தட்டு, சந்தேகம் வந்தால் உறுதிச் சோதனை. "இல்லை" என்று சொல்லவே மூன்று நான்கு நாள், "உண்டு" என்று உறுதி செய்ய ஐந்து நாளுக்கு மேல். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால் ஞாயிறு நடுவில் வந்து இன்னும் இழுக்கும். திங்கள் காலை கொடுப்பதே நல்லது.

நான் தனியார் கூடத்தில் கொடுத்தது ஒரு மாதிரிக்கு 1,400 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1,652 ஆனது. ஒரு சுற்றுக்கு நான்கு மாதிரி போதும்: மீன் தூள் அல்லது கருவாடு ஒன்று, சோயா ஒன்று, அரைத்துக் கலந்து முடிந்த தீவனம் ஒன்று, தூசி ஒன்று. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும்.

5. சூடு: பெல்லட் ஆலையில் கேட்க வேண்டியவை

லேயருக்கு நம் பக்கம் மேஷ்தான், அதாவது அரைத்துக் கலந்த தூள் தீவனம். அதைப் பெல்லட் ஆக்கச் சொல்லவில்லை. ஆனால் குஞ்சுக்கு, முதல் நான்கு வாரம், ஆவியில் வேகவைத்து பெல்லட் ஓட்டி உடைத்த கிரம்புள்ஸ் கொடுங்கள். பிறந்த சில நாளில் குஞ்சின் குடலில் நல்ல கிருமிகள் இன்னும் குடியேறவில்லை. பெரிய கோழி தாங்கும் அளவில் ஒரு துளி போனாலே குஞ்சு விழுந்துவிடும்.

ஆலையில் நடப்பது இதுதான். அரைத்துக் கலந்த மேஷ் கண்டிஷனர் என்ற உருளைக்குள் போகிறது. அங்கே பாய்லர் ஆவி அடிக்கிறார்கள். 35 டிகிரியில் உள்ளே போகும் மேஷ் 80, 85 டிகிரிக்கு ஏறுகிறது, மூன்று நான்கு சதவீதம் ஈரமும் சேர்கிறது. இந்த ஈரம் முக்கியம். அதே 85 டிகிரி காய்ந்த சூடாக இருந்தால் சால்மோனெல்லா ஆச்சரியப்படும் அளவுக்குத் தாங்கும். ஈரச் சூட்டில்தான் சீக்கிரம் சாகும். அதனால் மேஷை வாணலியில் வறுப்பது, கொதிக்கும் வெயிலில் காயப்போடுவது எதுவும் இதற்கு ஈடாகாது. பிறகு மேஷ் டை என்ற துளைத் தகட்டின் வழியே அழுத்தப்பட்டு வெளியே வருகிறது, அங்கே உராய்வில் இன்னும் கொஞ்சம் சூடு ஏறும்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: கண்டிஷனர் வெளிவாயில் எத்தனை டிகிரி, மேஷ் உள்ளே எவ்வளவு நேரம் நிற்கிறது, ஆரம்பத்தில் வருவதை என்ன செய்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பலகையில் தெரியும் எண்ணைக் காட்டுவார்கள். அந்த உணர்கருவி மேஷைத் தொடுகிறதா, ஆவியைத் தொடுகிறதா என்று தெரியாது. நான் செய்வது: வாய் அகன்ற ஃபிளாஸ்க் ஒன்றும், முள் நீண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டரும் எடுத்துப் போவேன். கண்டிஷனருக்குக் கீழே டைக்கு மேலே இருக்கும் சின்னக் கதவைத் திறந்து சூடான மேஷை ஃபிளாஸ்கில் நிரப்பி, மூடியில் போட்ட துளை வழியே முள்ளைச் செருகி இரண்டு நிமிடம் பார்ப்பேன். முதல் தடவை பலகையில் 84, என் ஃபிளாஸ்கில் 71. ஆபரேட்டர் நல்ல மனிதர், அவரே அதிர்ந்துபோனார். ஆவிக் குழாயில் தண்ணீர் கட்டியிருந்தது. அதை வடித்துவிட்ட பிறகு இரண்டும் ஒன்றாக வந்தது.

இரண்டாவது கேள்விக்குச் சின்ன ஆலையில் "அரை நிமிசம்" என்பார்கள். அரை நிமிடமும் குறைக்கும், ஆனால் முழுமையாக இல்லை. இரட்டை அடுக்குக் கண்டிஷனர், அல்லது சூட்டில் சில நிமிடம் நிறுத்தி வைக்கும் ஹைஜீனைசர் இருக்கும் ஆலை கிடைத்தால் கொஞ்சம் தூரமானாலும் அங்கே போங்கள்.

மூன்றாவதுதான் எல்லாரும் கோட்டை விடும் இடம். இயந்திரம் ஓட ஆரம்பிக்கும் முதல் சில நிமிடம் மேஷ் வெதுவெதுப்பாகத்தான் வரும். அது அப்படியே கூலருக்குள் போனால், பின்னால் வரும் சுத்தமான தீவனம் முழுக்க அதன் வழியேதான் நடக்கும். "ஆரம்பத்துல அப்படித்தான் வருமுங்க, கலந்தா சரியாப் போயிடும்" என்றார்கள். கலந்தால் சரியாகாது. 80 டிகிரியைத் தொடும்வரை வருவதைச் சாக்கில் பிடித்து, மறுபடி கண்டிஷனருக்கு மேலே கொட்டச் சொல்லுங்கள்.

சூடு செய்யாத வேலையும் உண்டு. அஃப்ளாடாக்ஸின் பெல்லட் சூட்டில் அழியாது, பூஞ்சை பிடித்த சோளம் பெல்லட்டானாலும் நஞ்சு நஞ்சுதான். மறுபக்கம், ஃபைட்டேஸ் என்சைமும் சில வைட்டமின்களும் சூட்டில் குறையும். சூடு தாங்கும் வகைதானா என்று ப்ரீமிக்ஸ் (வைட்டமின், என்சைம் கலவை) கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

6. கூலர்: செத்த கிருமி திரும்பி வரும் இடம்

டையிலிருந்து பெல்லட் கொதிக்கக் கொதிக்க, ஈரத்தோடு வருகிறது. அதைக் காற்று இழுத்து ஆறவைப்பது கூலர். காற்று எங்கிருந்து வருகிறது? ஆலையின் உள்ளிருந்து. அதே கூரையின் கீழே பத்தடி தள்ளி மூட்டை பிரித்துக் கருவாடு கொட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தூசி முழுக்கக் கூலருக்குள் போகிறது. ஈரமும் சூடும் உள்ள பெல்லட்டின் மேல் வந்து படிகிறது.

நாங்கள் பெல்லட் ஓட்டிய ஆலையில் 85 டிகிரி சரியாக இருந்தது. டைக்குக் கீழே பிடித்த பெல்லட்டில் கிருமி இல்லை. மூட்டையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கூலர் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலையை நிறுத்திவிட்டுக் கூலரின் பக்கக் கதவைத் திறந்து, டார்ச் அடித்துத் தலையை உள்ளே விட்டேன். கூரையில் வியர்வை மாதிரி நீர்த்துளி. அதன் அடியில் விரல் கனத்துக்குத் தீவனத் தூள் அடை கட்டி, ஓரம் பச்சையும் நடு கறுப்புமாக, புளித்த மாவு வாடையோடு ஒட்டியிருந்தது. விரலால் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. நம் உடம்புச் சூடு. சால்மோனெல்லா வளர 37 டிகிரிதான் அதற்கு மிகவும் பிடித்த சூடு. அந்த அடையிலிருந்து ஒரு துண்டு அவ்வப்போது பெல்லட் மேல் உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அவ்வளவு பணம் செலவழித்துக் கிருமியைக் கொன்று, பத்தடி தள்ளி அதையே மறுபடி ஊட்டியிருக்கிறோம்.

ஆகவே கூலி கொடுத்து ஓட்டும் முன் கூலரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு ஆலை பாருங்கள். பார்க்க வேண்டியவை: காற்று இழுக்கும் வாய் மூட்டை பிரிக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறதா, உள்ளே அடை இருக்கிறதா, கூரையில் நீர் கோக்கிறதா, சல்லடையில் விழும் தூள் கண்டிஷனருக்கு முன்னால் திரும்பிப் போகிறதா, அல்லது நேராக மூட்டைக்குப் போகிறதா.

ஆறிய பெல்லட் வெளிக்காற்றை விட 5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது. மூட்டைக்குள் கையை முழங்கைவரை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரிந்தால் கட்ட விடாதீர்கள். சூடாகக் கட்டிய மூட்டை ராத்திரியில் உள்ளுக்குள் வியர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது இன்னும் மோசம்.

அதோடு சாக்கு. பழைய சோயா சாக்கில் முடிந்த தீவனத்தைக் கட்டிக் கொடுப்பது நம் பக்கம் சகஜம். புதுச் சாக்குக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். ஏற்றும் வண்டியில் முதல் நாள் கோழி எருவோ கருவாடோ போயிருக்கிறதா என்று பார்த்து, பெருக்கி, சுத்தமான படுதா விரித்த பிறகு ஏற்றுங்கள்.

7. மேஷ் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அமிலம்

சூடு இல்லாத இடத்தில் கைகொடுப்பது ஃபார்மிக், புரொப்பியானிக் அமிலக் கலவை. புரொப்பியானிக் முக்கியமாகப் பூஞ்சைக்கு, ஃபார்மிக் பாக்டீரியாவுக்கு. டன்னுக்கு 3 முதல் 5 கிலோ என்பது வழக்கமான அளவு. சூடு போல உடனே கொல்லாது, காய்ந்த தீவனத்தில் நாள்கணக்கில் மெல்ல வேலை செய்யும். இதன் பெரிய நன்மை, சூடு போனபின் வந்து ஒட்டும் கிருமிக்கும் இது காவல் இருக்கும் என்பது.

லேயர் பண்ணைக்காரர்கள் விழும் குழி ஒன்று இதில் உண்டு. லேயர் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லுமாக 8 முதல் 10 சதவீதம் போகிறது. சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும். எல்லாவற்றையும் மிக்ஸரில் கொட்டி, மேலே அமிலத்தை ஊற்றினால் அதில் ஒரு பங்கு வீண். அமிலத்தைச் சோயா மேலும் மீன் தூள் மேலும் முதலில் தெளித்துக் கலந்து, ஒரு நாளாவது வைத்திருந்து, பிறகு கிளிஞ்சலோடு சேருங்கள்.

திரவ அமிலம் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. ரப்பர் கையுறை, கண்ணாடி, தெளித்த பிறகு கதவு திறந்து வைப்பது, இவை இல்லாமல் வேலையாளை நிற்க வைக்காதீர்கள். இரும்பு மிக்ஸரும் அரிக்கும். உப்பு வடிவில் வரும் தூள் அமிலம் விலை கூடுதல், வேகம் குறைவு, ஆனால் சின்னப் பண்ணைக்கு அதுவே பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

8. சுத்தம் செய்யும்போது தண்ணீர் வேண்டாம்

கிருமி என்று கேட்டதும் நான் செய்த முதல் காரியம், அரவைக் கொட்டகையைப் பிரஷர் பம்பு வைத்துக் கழுவியது. மூலையில், எலிவேட்டர் அடியில், போல்ட்டு இடுக்கில் போன தண்ணீர் காயவே இல்லை. அடுத்த மாதத் தூசி மாதிரி முன்னதை விட மோசமாக வந்தது. காய்ந்து உறங்கிய கிருமிக்கு நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

தீவன ஆலையைக் காய்ந்த நிலையிலேயே சுத்தம் செய்ய வேண்டும். சுரண்டி, பிரஷ், வாக்குவம். காற்றடித்து ஊதினால் தூசி வேறு இடத்தில் போய் உட்காரும், அதுவும் வேண்டாம். வாரம் ஒரு முறை எலிவேட்டர் அடிப்பெட்டியைத் திறந்து காலி செய்யுங்கள். சுத்தம் செய்த பிறகு 50 கிலோ சோளத்தில் அமிலம் கலந்து எல்லா வழியிலும் ஓட்டி, அதைத் தனியே எடுத்துப் புதைத்துவிடுங்கள். எங்காவது கழுவியே ஆக வேண்டுமென்றால், கழுவிய பிறகு முழுக்கக் காயும்வரை ஓட்டாதீர்கள்.

கச்சாப் பொருள் பக்கம் சிவப்பு மண்வெட்டி, முடிந்த தீவனம் பக்கம் நீல மண்வெட்டி. செருப்பும் அப்படியே. எலிப்பொறி, புறா வராமல் வலை. இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

9. செலவுக் கணக்கு

ஒரு குஞ்சு முதல் நான்கு வாரத்தில் சுமார் 600 கிராம் தின்னும். 3,000 குஞ்சுக்கு 1.8 டன். பெல்லட் கூலி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, வண்டி, புதுச் சாக்கு எல்லாம் சேர்த்து எனக்குக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கூடியது. 2,700 ரூபாய். நான் போகும் ஆலையில் 2 டன்னுக்குக் குறைவாக ஓட்ட மாட்டார்கள், அதனால் குஞ்சு இறக்கும் பக்கத்துப் பண்ணையோடு சேர்ந்து ஓட்டுகிறேன். அமிலம் நான் வாங்கியது கிலோ 190 ரூபாய். டன்னுக்கு 3 கிலோ போட்டால் 570 ரூபாய், கிலோ தீவனத்துக்கு 57 பைசா. நான்கு மாதிரிச் சோதனை 6,608. செத்த 412 குஞ்சின் விலை மட்டும், ஒன்று 45 ரூபாய் வீதம், 18,540. மூன்று தடவை மருந்துக்குப் போனது அதை விட அதிகம்.

10. நாள் கணக்கு

குஞ்சு இறங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

25 நாள் முன்: சோயா வாங்கி, வாசலில் மாதிரி எடுத்துவிடுங்கள். குஞ்சுத் தீவனத்தில் கருவாடும் இறைச்சித் தூளும் சேர்க்காமல் இருப்பதே நல்லது. புரதத்தைச் சோயாவிலும், குறையும் அமினோ அமிலத்தைத் தனி மெத்தியோனைன், லைசினிலும் சரிக்கட்ட முடியும். உங்கள் கால்நடை மருத்துவரிடம் சேர்மானக் கணக்கு போட்டு வாங்குங்கள்.

18 நாள் முன்: முடிவு வரும். "உண்டு" என்றால் மாற்றுச் சரக்கு வாங்க இன்னும் நேரம் இருக்கிறது.

14 நாள் முன்: ஆலைக்குப் போய்க் கூலரைப் பாருங்கள், ஃபிளாஸ்க் சோதனை செய்யுங்கள்.

10 நாள் முன், ஞாயிறோ திங்களோ விழும்படி: பெல்லட் ஓட்டுங்கள். கண்டிஷனர் சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நோட்டில் எழுதி, ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து உடனே ஆய்வுக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்த மூட்டைகளை அட்டியில் சிவப்புக் கயிறு கட்டித் தனியே வையுங்கள், யாரும் தொடக் கூடாது.

"உண்டு" என்று வந்தால் அந்தத் தீவனத்தைக் கூண்டில் இருக்கும் பெரிய கோழிக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். முட்டை போடும் கோழிக்கு அதைப் போடாதீர்கள். கூலரைச் சுத்தம் செய்யச் சொல்லி, மறுபடி சூட்டில் ஓட்டி, மறுபடி மாதிரி கொடுங்கள். அந்த ஒரு வாரத்துக்குக் குஞ்சுக்குத் தேவை எவ்வளவு? முதல் வாரம் ஒரு குஞ்சு தினமும் சுமார் 10 கிராம்தான் தின்னும். 3,000 குஞ்சுக்கு ஏழு நாளைக்கு 210 கிலோ, ஐந்து மூட்டை கூட இல்லை. சோதித்த தீவனம் விற்கும் இடத்தில் அந்த ஐந்து மூட்டையை வாங்கி இறக்கி, பில்லில் லாட் எண் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.